நீர்வண்ணத்தில் வடிவியல் அரூபம்: எந்தத் தளம் முன்னே, எது பின்னே?

ஈரவிளிம்பு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. சில காலமாக நீர்வண்ணத்தில் செவ்வகம், முக்கோணம், வட்டத்துண்டு ஆகியவற்றை மட்டும் வைத்து வரைந்துவருகிறேன். வீடு, மரம், முகம் எதுவும் கிடையாது. ஒளி ஊடுருவும் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதாகப் பார்ப்பவருக்குத் தோன்ற வேண்டும் என்பதே என் ஆசை. பெர்ஸ்பெக்டிவ் கோடுகளும் விழும் நிழலும் வேண்டாம். வண்ணத்தை மட்டும் கொண்டு ஒரு தளம் முன்னாலும் மற்றொன்று பின்னாலும் நிற்க வேண்டும்.

மஞ்சள் செவ்வகத்தை முதலில் பூசி, நன்றாகக் காயவிட்டு, அதன் ஒரு மூலையில் ஏறும்படி நீலச் செவ்வகத்தைப் பூசுகிறேன். பிறகு வந்தது நீலம்தானே, அதுதானே மேலே தெரிய வேண்டும்? ஒரு கணம் நீலம் மேலே இருக்கிறது, அடுத்த கணம் மஞ்சள் மேலே வந்துவிடுகிறது. வரிசையை மாற்றிப் பூசினாலும் அப்படியேதான். சில வேளை இரண்டும் ஒரே தளத்தில் ஒட்டிய துண்டுகளாகவே தெரிகின்றன. இதற்குக் காரணம் என் கைப்பழக்கமா, வண்ணமா, தாளா?

வெள்ளைத்தாள் எழுதியது:

கையிலும் தாளிலும் குறை இல்லை. எதை முதலில் பூசினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும், படத்தைப் பார்ப்பவருக்குத் தெரியாது. அவருக்குக் கிடைப்பவை நான்கு நிறங்கள் மட்டுமே: தாளின் வெள்ளை, மஞ்சள், நீலம், இரண்டும் சேருமிடத்துப் பச்சை. நான்கும் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன, இரண்டு விளிம்புகள் அங்கே பெருக்கல் குறிபோல வெட்டிக்கொள்கின்றன. எது மேலே, எது கீழே என்பதை மூளை பெரும்பாலும் அந்தச் சந்திப்பைப் பார்த்தே முடிவு செய்கிறது. இத்தாலிய உளவியலாளர் ஃபாபியோ மெட்டெல்லி 1970களில் ஊடுதெரிதல் பற்றிச் செய்த ஆய்வுகளும், அவருக்குப் பின் வந்தவர்களின் ஆய்வுகளும் இதைத்தான் விளக்குகின்றன.

நீலத்தின் விளிம்பில் விரலை வைத்து நகர்த்திப் பாருங்கள். வெள்ளைத் தாளின்மேல் அது போகும்போது உட்புறம் அடர்வு, வெளிப்புறம் வெளிர்வு. அதே விளிம்பு மஞ்சளுக்குள் நுழைந்த பிறகும் உட்புறம் (பச்சை) அடர்வு, வெளிப்புறம் (மஞ்சள்) வெளிர்வு. இப்போது மஞ்சளின் விளிம்பைத் தொடருங்கள். அங்கேயும் அப்படித்தான்: வெள்ளையில் உட்புறம் அடர்வு, நீலத்துக்குள்ளும் உட்புறம் அடர்வு. இரண்டு விளிம்புகளும் ஒரே சாட்சியத்தைச் சொல்கின்றன. நீலத் தகடு மேலே இருந்தாலும் இந்த நான்கு நிறங்கள்தான் வரும், மஞ்சள் தகடு மேலே இருந்தாலும் இவைதான் வரும். ஆகவே மூளை ஒரு முடிவில் நிற்பதில்லை.

ஊடுதெரியும் நீர்வண்ணம் கீழே உள்ளதை மேலும் அடர்த்தியாக்குமே தவிர வெளிறச் செய்யாது. அதனால் இயல்பாகப் பூசிய ஒவ்வொரு குறுக்கீடும் (இரண்டு பூச்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடம்) இந்த ஊசலாட்டத்தில்தான் முடியும். நம் ஊடகத்தின் அடிப்படைக் குணம் இது. இதைப் புரிந்துகொண்டவருக்கு வடிவியல் அரூபத்தில் பாதி வழி திறந்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி, குறுக்கீட்டின் நிறம் நீலத்தைவிட வெளிறியும் மஞ்சளைவிட அடர்ந்தும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளின் விளிம்பு வெள்ளைத் தாளில் போகும்போது உட்புறம் அடர்வு. நீலத்துக்குள் போனதும் உட்புறம் வெளிர்வு. சாட்சியம் தலைகீழாக மாறிவிட்டது. முன்னால் நிற்கும் சற்றே பால்போன்ற ஒரு திரையால்தான் வெள்ளையை மங்கச் செய்து, அதே நேரம் அடர்நீலத்தை வெளிறச் செய்யவும் முடியும். உடனே மஞ்சள் முன்னே வந்துவிடும், நீலம் அதன் ஊடாகத் தெரியும். ஊசலாட்டம் நின்றுவிடும்.

யோசெஃப் ஆல்பர்ஸ் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சி இதற்கு மிக நெருக்கமானது. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியிலும் பிறகு அமெரிக்காவிலும் கற்பித்தவர் அவர். ஒளி சற்றும் ஊடுருவாத வண்ணத்தாள்களை வெட்டி ஒட்டியே ஊடுதெரியும் மாயத்தை உண்டாக்கச் சொன்னார். இரண்டு நிறங்களின் கலவைபோலத் தோன்றும் மூன்றாவது தாளைத் தேடிக் குறுக்கீட்டில் வைக்க வேண்டும். அந்த மூன்றாவது நிறம் எந்தத் தாய்நிறத்துக்கு நெருக்கமோ அந்தத் தளம் மேலே வரும். நடுவில் சரியாக நின்றால் எதுவும் மேலே வராது. ஆழம் குறுக்கீட்டின் நிறத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

தூரிகைமுனை எழுதியது:

இவ்வளவு சுற்றுவழி தேவையா? சூடான நிறம் முன்னே வரும், குளிர்ந்த நிறம் பின்னே போகும். முன்னே வர வேண்டியதைச் சிவப்பாகவும் பின்னே போக வேண்டியதை நீலமாகவும் பூசினால் போதும். எல்லாப் பயிற்சி நூல்களிலும் இருக்கிறதே.

நீலத்திரை எழுதியது:

நூல்களில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது பாதி விதி. கண்ணின் லென்ஸ் சிவப்பையும் நீலத்தையும் ஒரே அளவில் வளைப்பதில்லை. அதனால் பலருக்குக் கறுப்புப் பின்னணியில் சிவப்பு சற்று முன்னே தெரிகிறது. பின்னணியை வெள்ளையாக மாற்றினால் பலருக்கு அது தலைகீழாகிறது. நாம் வரைவது வெள்ளைத் தாளில்! இன்னொன்று, தொலைவு மலைகள் நீலமாகத் தெரிகின்றன என்பதிலிருந்தும் இந்த விதி வந்தது. அங்கே நீலம் மட்டுமா மாறுகிறது? அடர்வுக்கும் வெளிர்வுக்கும் உள்ள வேறுபாடும் சேர்ந்து குறைகிறது. லியோனார்டோ தம் குறிப்புகளில் காற்றின் தடிமனைப் பற்றி எழுதியபோது இரண்டையும் சேர்த்தே பேசுகிறார். பயிற்சி நூல்கள் நிறத்தை எடுத்துக்கொண்டு டோனை, அதாவது அடர்வு வெளிர்வை, விட்டுவிட்டன.

ஒரு வெள்ளைத் தாளில் நீர்த்த இளஞ்சிவப்புச் சதுரத்தையும் அடர்ந்த அல்ட்ராமரீன் நீலச் சதுரத்தையும் அருகருகே வையுங்கள். நீலம்தான் முன்னே வந்து நிற்கும். தாளின் வெள்ளையோடு எது அதிகம் மோதுகிறதோ அது முன்னே வரும்.

நிறமியின் மணல்தன்மையையும் சொல்ல வேண்டும். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். அல்ட்ராமரீன் தாளின் குழிகளில் படிந்து மணல்மணலாகக் காயும். தேலோ நீலம் படியாமல் நாருக்குள் சாயமாக இறங்கும். மணல்மணலான பூச்சில் கண் தாளின் சொரசொரப்பைப் பிடித்துக்கொள்கிறது, அந்தத் தளம் தாளோடு ஒட்டிவிடுகிறது. தேலோவில் அந்தப் பிடி இல்லை, தளம் எங்கே நிற்கிறது என்று சொல்ல முடியாதபடி மிதக்கிறது. ஆகவே ஒரே படத்தில் இரண்டையும் பயன்படுத்தும்போது ஆழம் தானாகவே கொஞ்சம் பிறக்கும். கரடான தாளைவிட வழவழப்பான ஹாட் பிரஸ் தாளில் இந்த வேறுபாடு குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஈரவிளிம்பு எழுதியது:

வெள்ளைத்தாள் அவர்கள் சொன்னபடி விளிம்பில் விரலை நகர்த்திப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது! என் பழைய தாள்கள் எல்லாவற்றிலும் குறுக்கீடுதான் மிக அடர்ந்த இடம்.

ஆனால் இதைச் செயலில் கொண்டுவருவது எப்படி? குறுக்கீடு நீலத்தைவிட வெளிறி இருக்க வேண்டும் என்கிறீர்கள். மேலே பூசினால் அடர்வுதான் கூடும் என்றும் சொல்கிறீர்கள். இரண்டும் எப்படிச் சேரும்?

மடிப்புக்கோடு எழுதியது:

சேரும். எனக்குத் தெரிந்த வழிகளைச் சொல்கிறேன். எனக்கு மிகப் பிடித்தது கழுவி எடுப்பது.

முதலில் நீலச் செவ்வகத்தை முழுதாகப் பூசிக் காயவிடுங்கள். மறுநாள் தொடுவது நல்லது. பிறகு மஞ்சள் செவ்வகத்தின் எல்லையில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். நீலத்தின்மேலும் அந்த டேப் போகும். உள்ளே மாட்டிக்கொண்ட நீலத்தை ஈரமான, நன்றாகப் பிழிந்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் தாளின் மேற்பரப்பு கிளம்பிவிடும், அதன்மேல் எந்த வாஷும் (நீர்த்த பூச்சும்) சமமாக நிற்காது. நீலம் பாதி வெளிறியதும் மீண்டும் காயவிட்டு, செவ்வகம் முழுவதும் நீர்த்த மஞ்சளைப் பூசுங்கள். குறுக்கீடு இப்போது நீலத்தைவிட வெளிறியிருக்கும், மஞ்சளைவிட அடர்ந்திருக்கும். மஞ்சள் முன்னே வந்துவிடும்.

இதற்கு நீல நிறமியைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோபால்ட், அல்ட்ராமரீன் இரண்டும் ஓரளவு நன்றாகக் கழுவப்படும். நீலத்திரை சொன்ன தேலோ நாருக்குள் இறங்கிவிடுவதால் அதை எடுக்கவே முடியாது. தாளும் முக்கியம். பருத்தித் தாள், மேற்பரப்பில் ஜெலட்டின் பூச்சுள்ளது, குறைந்தது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை. மெல்லிய தாளில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

இன்னொரு வழி, குறுக்கீட்டைத் தனித்துண்டாகவே வைத்துக்கொள்வது. அதாவது மூன்று துண்டுகளாகப் பிரித்து, நடுத்துண்டுக்கு வேண்டிய நிறத்தைத் தட்டிலேயே கலந்து பூசுவது. ஆல்பர்ஸின் வண்ணத்தாள் முறைதான் இது, ஊடகம் மட்டும் வேறு. காய்ந்ததும் நிறம் வெளிறும் என்பதால் வெட்டிய தாள்துண்டில் பூசிக் காயவைத்துப் பார்த்த பிறகே இறங்குங்கள். துண்டுகள் சேரும் இடத்தில் மயிரிழை வெள்ளைக்கோடு விட்டுப்போனால் ஊடுதெரியும் மாயம் அறுந்துவிடும். விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டு வெட்டிக்கொண்டால்தான் மூளை அதைக் குறுக்கீடு என்று எண்ணும். கோடு விட்டுப்போனால் அது வெறும் ஓட்டுச்சில்லு வேலை.

மஞ்சளில் சிறிது வெள்ளை கௌவாஷைக் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) கலப்பது மூன்றாவது வழி. அது உண்மையிலேயே பால்போன்ற திரையாகிவிடும். எளிது, ஆனால் அந்த இடத்தில் தாளின் ஒளி செத்துவிடுகிறது. படத்தில் ஓர் இடத்தில் மட்டும், தெரிந்தே செய்தால் அழகு. எல்லா இடத்திலும் செய்தால் அது நீர்வண்ணமே இல்லை.

டேப் ஒட்டினால் தூரிகையை டேப்பின் பக்கமிருந்து உள்நோக்கி இழுங்கள், உள்ளிருந்து டேப்பை நோக்கித் தள்ளாதீர்கள். முழுதும் காய்ந்த பிறகு தாழ்வான கோணத்தில் மெதுவாக உரியுங்கள். டேப் இல்லாமல் நேர்விளிம்பு வேண்டுமானால் பலகையைச் சற்றே சாய்த்து, கீழ்விளிம்பில் நிற்கும் நீர்வரியை இடமிருந்து வலமாக இழுத்துக்கொண்டே வாருங்கள். கையால் இழுத்த விளிம்பில் ஓர் உயிர் இருக்கும். டேப் கொடுக்கும் விளிம்பு சில நேரம் மிகவும் விறைப்பாக இருக்கிறது.

சமதளம் எழுதியது:

நுட்பங்கள் எல்லாம் சரி. ஆனால் கேள்வியையே நான் மறுக்கிறேன். வடிவியல் அரூபத்துக்கு வந்த பிறகு எதற்கு ஆழம்? மறுமலர்ச்சிக் காலத்திலிருந்து ஓவியம் ஒரு ஜன்னலாக நடித்தது போதாதா? ஒவ்வொரு கலையும் தன் ஊடகத்துக்கே உரியதில் நிற்க வேண்டும், ஓவியத்துக்கு உரியது தட்டைத்தன்மை என்று அமெரிக்கக் கலைவிமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க் 1960இல் வாதிட்டார். நீர்வண்ணம் தாளுக்குள் இறங்கிய சாயம். அதைவிடத் தட்டையானது வேறு எது? அதில் தகடுகளை மிதக்கவிடுவது பழைய பொய்யைப் புதிய உடையில் கொண்டுவருவதாகும். கழுவி எடுத்து, கலந்து பொருத்தி, ஒரு தகடு மற்றொன்றின் முன்னே நிற்பதாகப் பார்ப்பவரை நம்பவைப்பதில் எனக்கு மதிப்பு இல்லை.

வெள்ளைத்தாள் எழுதியது:

சமதளம், உங்கள் கேள்வி கனமானது, அதைத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன அதே கிரீன்பெர்க், முழுத் தட்டை என்பது ஒருபோதும் கைகூடாது என்றும் அதே வாதத்தில் ஒப்புக்கொள்கிறார். பரப்பில் வைக்கும் முதல் குறியே அதன் தட்டைத்தன்மையைக் கலைத்துவிடுகிறது. நாம் வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் ஆழம் வந்துவிடும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதே கேள்வி.

ஜன்னல் ஆழம் ஒன்றுதான் ஆழமா? ரஷ்ய ஓவியர் எல் லிசிட்ஸ்கியைப் பாருங்கள். கட்டடக்கலை படித்தவர். 1919இல் தொடங்கிய தம் ‘ப்ரூன்’ எனும் வடிவியல் படைப்புகளில் இணைகோடுகளை ஒன்றுசேர விடாமல் ஆக்ஸோனோமெட்ரி முறையில் வரைந்தார். கோடுகள் தொலைவில் போய்ச் சேரும் மறைபுள்ளி இல்லை. பார்ப்பவருக்கு நிலையான இடமும் இல்லை. ஒரே படத்தில் ஒரு கட்டி மேலிருந்து பார்த்ததுபோலவும் அதன் அருகே இன்னொன்று கீழிருந்து பார்த்ததுபோலவும் இருக்கும். வெறும் விளிம்புக் கோடுகளால் வரைந்த நெக்கர் கனசதுரம் எல்லோருக்கும் தெரியும், ஸ்விட்சர்லாந்தின் படிகவியலாளர் லூயி ஆல்பர்ட் நெக்கர் 1832இல் விவரித்தது. முன்முகமும் பின்முகமும் மாறி மாறித் தெரியும். அந்த மாற்றத்தைக் கட்டுமானமாகவே எடுத்துக்கொண்டவர் லிசிட்ஸ்கி. அங்கே பார்ப்பவரை ஓரிடத்தில் நிறுத்திவைக்கும் ஜன்னல் எங்கே?

நீர்வண்ணத்துக்கே வருகிறேன். பிரெஞ்சு ஓவியர் செசான் தம் கடைசி ஆண்டுகளில் வரைந்த நீர்வண்ணங்களில் தாளின் பெரும்பகுதி வெறுமையாக இருக்கும். சிறிய வண்ணத்திட்டுகள், ஒன்று காய்ந்தபின் அடுத்தது, ஒரு விளிம்பில் அடர்ந்து மறுவிளிம்பில் கரைந்து போகும். கரையும் பக்கத்தில் அந்தத் தளம் வெள்ளைக்குள் வழிந்துவிடுகிறது. வெள்ளை பின்னணியா, முன்னே நிற்கும் பாறையின் ஒளிபட்ட முகமா? இரண்டும்தான். ஓவியர் பாவுல் க்ளே 1914 ஏப்ரலில் சக ஓவியர்கள் மாக்கேயுடனும் மொயியேவுடனும் துனிசியா போனார். அங்கே வரைந்தவற்றில் வீடுகள் வண்ணச் சதுரங்களாக மாறத் தொடங்கின. பௌஹவுஸில் கற்பிக்கத் தொடங்கிய 1921இல் அவர் செய்த ‘சிவப்பில் ஃபியூக்’ (ஃபியூக் என்பது ஒரே மெட்டு குரல் குரலாகத் திரும்பி வரும் இசைவடிவம்) எனும் நீர்வண்ணத்தில் ஒவ்வொரு வடிவமும் இருளிலிருந்து படிப்படியாக வெளிறி, சற்றே நகர்ந்து நகர்ந்து திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு படியும் ஒரு மெல்லிய மேல்பூச்சின் அளவு. அங்கே ஆழமும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. எந்த வடிவம் முன்னே என்று நான் கேட்பதே இல்லை, எது முதலில் ஒலித்தது என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஓரக்கோடு எழுதியது:

இந்த இழையில் நிறத்தைப் பற்றியே பேசுகிறோம், கோட்டை மறந்துவிட்டோம். ஓவியர் லயனல் ஃபைனிங்கரின் மை, நீர்வண்ணத் தாள்களைப் பாருங்கள். அளவுகோல் வைத்து இழுத்த மைக்கோடு ஒரு தளத்தின் எல்லையைச் சொல்கிறது. வாஷ் அந்த எல்லையில் நிற்காமல் தாண்டிப் போய் வேறொரு தளத்தைச் சொல்கிறது. ஒரு கட்டடத்தின் விளிம்பு வானத்துக்குள் நீண்டு ஒளித்தகடாகிறது. கோடும் நிறமும் உடன்படாத அந்த இடைவெளியில்தான் வெளி பிறக்கிறது.

நிறமே இல்லாமலும் முடியும். இந்திய ஓவியர் நஸ்ரீன் முகமதி 1970களில் பென்சிலும் மையும் வரைகருவிகளும் கொண்டு சாய்கோடுகளாலேயே வேலை செய்தார். கோடுகளின் இடைவெளி சீராக நெருங்கினால் தளம் சாய்கிறது. கோட்டின் அழுத்தம் மெல்ல மெலிந்தால் அது விலகிப் போகிறது. ஈரவிளிம்பு, உங்கள் செவ்வகத்தின் ஒரு பக்கம் அடர்ந்தும் எதிர்ப்பக்கம் நீர்த்தும் போகும்படி படிநிலை வாஷ் போட்டுப் பாருங்கள். அவர் கோட்டால் செய்ததை நீங்கள் நீரால் செய்யலாம். குறுக்கீடே இல்லாமல் ஒரு தளம் சாயும்.

சமதளம் எழுதியது:

லிசிட்ஸ்கியை ஏற்கிறேன், க்ளேயையும் ஏற்கிறேன். அவர்களிடம் ஊசலாட்டம் இருக்கிறது. ஆனால் இந்த இழை தொடங்கியது ஊசலாட்டத்தை நிறுத்துவது எப்படி என்ற கேள்வியோடு. அங்கேதான் நான் நிற்கிறேன். ஊடகம் தானாகத் தரும் நிச்சயமின்மையை எதற்குக் கழுவி எடுக்க வேண்டும்?

வெள்ளைத்தாள் எழுதியது:

எல்லா இடத்திலும் கழுவச் சொல்லவில்லை. எல்லாக் குறுக்கீடும் ஊசலாடினால் கண் சலித்து எல்லாவற்றையும் ஒரே தட்டையாக்கிவிடுகிறது. ஈரவிளிம்பு முதல் பதிவில் சொன்ன ‘ஒரே தளத்தில் ஒட்டிய துண்டுகள்’ என்பது அந்தச் சலிப்புதான். ஓரிடத்தில் உறுதியான முன், பின் இருந்தால்தான் மற்ற இடத்தின் ஊசலாட்டம் ஊசலாட்டமாகத் தெரியும். எது உறுதி, எது ஊசல் என்பதை ஓவியர் தீர்மானிக்க வேண்டும், நிறமி தீர்மானிக்கக் கூடாது.

ஈரவிளிம்பு எழுதியது:

மடிப்புக்கோடு சொன்னபடி கோபால்ட் நீலத்தைக் கழுவி எடுத்துச் செய்து பார்த்தேன். மஞ்சள் முன்னே வந்து நிற்கிறது, எவ்வளவு நேரம் பார்த்தாலும் மாறவில்லை. மிக்க நன்றி.

அதே தாளில் மூன்றாவதாக ஒரு சிவப்பு முக்கோணத்தைச் சேர்க்க விரும்புகிறேன். அது மஞ்சளுக்குப் பின்னால், நீலத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். மூன்றும் சேரும் இடத்தில் எந்த நிறம் வரும்?

மடிப்புக்கோடு எழுதியது:

இரண்டிரண்டாக முடிவு செய்யுங்கள். சிவப்பும் நீலமும் சேரும் இடம் நீலத்தைவிட வெளிறி, சிவப்பை நோக்கிச் சாய்ந்த ஊதாவாக இருக்கட்டும். இந்தச் சிவப்பு மஞ்சளைவிட அடர்ந்தது என்பதால் சிவப்பும் மஞ்சளும் சேரும் இடம் சிவப்பைவிட வெளிறி, மஞ்சள் மிகுந்த ஆரஞ்சாக இருக்கட்டும். மூன்றும் சேரும் இடத்துக்கு அந்த ஊதாவை எடுத்து மஞ்சளை நோக்கி வெளிறச் செய்தால் போதும். மங்கிய பழுப்பு வரும். அது ஊதாவைவிட வெளிறியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மஞ்சள் அந்த ஓர் இடத்தில் மட்டும் பின்னே போய்விடும்.

மூன்று முறை ஒரே இடத்தைக் கழுவினால் தாள் தாங்காது. ஆகவே அந்தப் பழுப்பை மட்டும் தனித்துண்டாகக் கலந்து பூசுங்கள், மற்றவற்றைக் கழுவி எடுங்கள். முதலில் எல்லாவற்றையும் பென்சில் சாம்பல் டோன்களில் சிறிய அளவில் போட்டுப் பாருங்கள். சாம்பலில் வரிசை சரியாக நின்றால் நிறத்திலும் பெரும்பாலும் நிற்கும்.

சமதளம் எழுதியது:

ஈரவிளிம்பு, ஒரு வேண்டுகோள். சிவப்பு முக்கோணத்தின் ஒரு மூலை நீலத்தை மட்டும் தொடும் இடம் இருந்தால், அங்கே கழுவாமல், கலக்காமல், அப்படியே மேல்பூச்சாக விட்டுவிடுங்கள். முடிந்ததும் இரண்டு இடங்களையும் அருகில் எடுத்த படங்களை இங்கே இடுங்கள். எந்த இடம் தாளை அதிகம் திறக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.